இரண்டாவது ரவுட்டர்

ஞானதாஸ் கை கழுவாமலே நெட்வொர்க் அறைக்குள் வந்துவிட்டார். மட்டன் பிரியாணி தின்ற கை. ஒரு துண்டுப் பேப்பரில் ஒப்புக்குத் துடைத்துக்கொண்டு, அதே விரல்களால் இரும்பு அலமாரியில் இருந்த ரவுட்டர்களைத் தொட்டு, "இது ஒண்ணு, இது ரெண்டு, கரெக்ட்" என்றார். கறுப்புப் பெட்டிகளின் முகத்தில் எண்ணெய்த் தடங்கள் மினுங்கின. மிச்சப் பிசுக்கை அலமாரிக் கதவின் ஓரத்தில் தேய்த்தார்.  ஹசீனா துப்பட்டா நுனியை மூக்கருகே பிடித்துக்கொண்டு, சிரித்த மாதிரி நின்றாள்.

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில் இருந்தது அந்தக் கட்டடம். ராஜாராம் கட்டிய கல்யாண மண்டபம். நஞ்சையும் தோப்புமாக நிறைய நிலம் வைத்திருந்தவர் அவர். முகூர்த்த நாளுக்கு மட்டும் ஆள் வருகிற கட்டடம் மற்ற நாளில் தூங்குவானேன் என்று, சென்னை இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்து தரும் கம்ப்யூட்டர் சென்டராக அதை மாற்றிவிட்டார். பந்தி போட்ட கூடத்தில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் வந்து உட்கார்ந்து, ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் விண்ணப்பங்களைத் திரையில் பார்த்து டைப் அடித்துச் சென்னைக்கு அனுப்புவார்கள். யாருக்கு என்ன வியாதி, என்ன ஆபரேஷன் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கும். அது போய்ச் சேர்ந்தால்தான் கம்பெனி சரி என்று சொல்லும். சரி என்று வந்தால்தான் பல ஆஸ்பத்திரிகளில் ஆளை உள்ளே தள்ளிக்கொண்டு போவார்கள்.

அதனால் கம்பெனி ஒரு விஷயத்தில் கறாராக இருந்தது. இன்டர்நெட் லைன் இரண்டு வேண்டும், ரவுட்டர் இரண்டு வேண்டும். ஒன்று செத்தால் இன்னொன்று அந்த நொடியே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்த்துச் சரி சொல்லத்தான் ஞானதாஸைச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

ஹசீனா அங்கே நெட்வொர்க் பொறுப்பில் இருந்தாள். காஞ்சிபுரத்தில் டிப்ளமோ முடித்து, தாம்பரத்தில் நெட்வொர்க் கோர்ஸ் படித்தவள். படித்த படிப்புக்கு ஊரிலேயே வேலை கிடைத்த அதிசயத்தை அவளே நம்பாமல் கொஞ்ச நாள் இருந்தாள். இரண்டு ரவுட்டரையும் அவள்தான் அமைத்தாள். அந்த ஏற்பாடு அவளுக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு ரவுட்டருக்கும் சொந்தமாக ஒரு முகவரி. இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு பொது முகவரி. அந்த மூன்றாவதற்கு உடம்பு கிடையாது, பெட்டி கிடையாது. கூடத்தில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அந்த மூன்றாவதைத்தான் வெளியே போகும் வாசல் என்று நம்பிக்கொண்டிருக்கும். முதல் ரவுட்டர் உயிரோடு இருக்கும்வரை அந்த வாசலை அது காக்கும். அது விழுந்தால் இரண்டாவது வந்து நிற்கும். உள்ளே டைப் அடிக்கிற பெண்ணுக்கு ஆள் மாறியதே தெரியாது.

"ஒண்ணை நிறுத்திக் காட்டும்மா, பார்ப்போம்" என்றார் ஞானதாஸ், பல்லிடுக்கில் நாக்கைத் துழாவிக்கொண்டே.

ஹசீனா முதல் ரவுட்டரின் மின்சார வயரைப் பிடுங்கினாள். கூடத்தை எட்டிப் பார்த்தாள். ஒரு தலைகூட நிமிரவில்லை. எல்லோரும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவளுக்கு உள்ளுக்குள் பூரித்தது. பிரியாணிக் கையைக்கூட அந்த நிமிஷம் மன்னித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வந்து அறையைத் திறந்தாள். அலமாரியில் ஒரு இடம் காலியாக இருந்தது. திருகாணிகள் கீழே சிதறிக் கிடந்தன. நேற்றுத் தின்ற எச்சில் தட்டுகளை யாரோ அந்த மூலையில் அடுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். எலும்புகளின் மேல் எறும்பு.

"சார், ரெண்டாவது ரவுட்டர் எங்க?" என்று மேனேஜர் அறைக்குப் போய்க் கேட்டாள்.

ராஜாராமின் மகன் வினோத்குமார் நாற்காலியில் சாய்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைவிட இரண்டு மூன்று வயது இளையவன். சென்னையில் ஏதோ ஒரு கோர்ஸில் சேர்ந்து பாதியில் திரும்பியவன். சென்டர் மேனேஜர் என்று பலகை மாட்டியிருந்தான்.

"அது வாடகைக்கு எட்தாந்தது. காத்தாலயே எட்துகினு போய்ட்டாங்க. லைனும் ட்ரையல்தான். கட் பண்ணியாச்சு."

"சென்னையில ஸ்கிரீன்ல எப்பவும் நம்மளைப் பார்த்துக்கினே இருக்காங்களே. ரெண்டாவது செவப்பாயிடுமே!"

"ஆவாது. வந்து பாரு."

திரையைத் திருப்பிக் காட்டினான். சென்னை ஆபீசில் தெரியும் அதே பக்கம். முதல் ரவுட்டர் பச்சை. இரண்டாவது ரவுட்டரும் பச்சை. ஹசீனாவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஸ்விட்சுக்குள் போய்ப் பார்த்தாள். கூடத்துக் கம்ப்யூட்டர்களின் வயர்கள் எல்லாம் வந்து சேர்கிற பெரிய பெட்டிதான் ஸ்விட்ச். அதற்குள்ளேயே, வயர் எதுவும் இல்லாமல், விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ் என்று பேருக்கு ஒரு வாசலை உண்டாக்கிக்கொள்ள முடியும். நியாயமான வேலைகளுக்காக வைத்திருக்கும் வசதி அது. யாரோ சொல்லிக் கொடுத்தபடி வினோத் அப்படி ஒன்றை உண்டாக்கி, போய்விட்ட ரவுட்டரின் முகவரியை அதற்குச் சூட்டி, முதல் ரவுட்டரோடு கூட்டும் சேர்த்துவிட்டிருந்தான். சென்னையிலிருந்து "இருக்கியா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்று அது பதில் சொல்லும். முதல் ரவுட்டர் விழுந்தால் "நான் பார்த்துக்கறேன்" என்று பொது முகவரியையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் அதற்குப் பின்னால் லைன் இல்லை. கதவைத் திறந்தால் சுவர்.

"இது இல்லாம இருந்தாலாவது செவப்பு எரியும், ஓடி வந்து பார்ப்போம்" என்றாள் ஹசீனா. "இப்ப எல்லாம் செத்தாலும் பச்சையாவே கிடக்கும் சார்."

"நீ ஏன் சாவறதையே பேசற? ஒயுங்கா ஓடிக்கினுதானே கீது."

அவள் ராஜாராமிடமும் போனாள். அவர் தோப்பிலிருந்து வந்த இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். பொறுமையாகக் கேட்டார். குடித்து முடித்து ஏப்பம் விட்டார்.

"இன்னாம்மா நீ. இத்தினி வருசமா கார் வச்சிக்கினு கீறேன். ஒரு நாளாச்சும் ஸ்டெப்னி டயரை வெளிய எட்த்திருப்பேனா? உள்ள கீதுன்னு நெனச்சா போதும், வண்டி ஓடும்."

அவள் அதற்கு மேல் பேசவில்லை. பேசினால் வேலையை விட வேண்டியிருக்கும். விட்டால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கேயாவது போய் வர வேண்டும், பாதி நாள் பஸ்ஸிலேயே கழியும். அதை நினைத்து வாயை மூடிக்கொண்டாள். ஆனால் காலையில் அறையைத் திறந்து அந்த இரண்டு பச்சைகளையும் பார்க்கும்போதெல்லாம், சோற்றில் முடி கிடப்பதைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து தின்பது போல ஒரு அருவருப்பு வரும்.

அறையும் அதற்கேற்ப இருந்தது. மண்டபத்தில் அரிசி, பருப்பு அடுக்குகிற அறை அது. ஒட்டினாற்போல் சமையற்கட்டு. எச்சில் தட்டுகளுக்கு வந்த எலிகள் தட்டு போன பிறகும் போகவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் நாற்றம் கிளம்பியது. வினோத் மல்லிகை வாசனை ஸ்ப்ரேயை வாங்கி வந்து அறை முழுக்க அடித்தான். செத்த எலியும் மல்லிகையும் கலந்த அந்த வாடை ஹசீனாவின் துணியில் ஏறி வீடுவரை வந்தது. கூட்டிப் பெருக்கும் சிட்டம்மாள்தான் கடைசியில் அலமாரியை நகர்த்தி, ஊதிப்போன எலியை முறத்தில் அள்ளினாள்.

"இதை எட்த்துப் போடாம செண்ட்டு அடிச்சிகினு கீது பாரு அந்தப் புள்ள" என்று சொல்லிவிட்டு, காறித் துப்ப வாசலுக்குப் போனாள்.

ரம்ஜான் திங்கட்கிழமை வந்தது. ஹசீனா லீவு போட்டிருந்தாள். அவள் அத்தா ஜெகபர் சாதிக் பஜாரில் செருப்புக் கடை வைத்திருப்பவர். தொழுகை முடிந்து வந்து புதுச் சட்டையோடு வாசலில் நின்று, வருகிறவர்களைக் கட்டித் தழுவிக்கொண்டிருந்தார். அம்மா வகிதா பிரியாணி அண்டாவின் மேல் தணல் போட்டுவிட்டு, பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பச் சேமியாப் பாயசத்தைப் பாத்திரம் பாத்திரமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் சாப்பாடு பரிமாறும்போது ஹசீனாவின் செல் அடித்தது. கீதா.

கீதா காலை ஷிஃப்டுக்குத் தலைவி. பெருநகர் பக்கத்துக் கிராமம். அப்பா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பவர். அந்த வீட்டில் சம்பள வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான். வேலையில் கெட்டி. யாராவது தப்பாக அடித்தால் திட்ட மாட்டாள், பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"அக்கா, பண்டிகை நாள்ல பேஜார் பண்றேன்னு நெனைக்காத. காத்தாலேர்ந்து ஒண்ணும் போவல. அனுப்பினது எல்லாம் வரிசையிலேயே நின்னுகினு கீது. புதுசாவும் எதுவும் வர்ல."

"வினோத் சார்ட்ட சொன்னியா?"

"அஞ்சாறு தபா போன் பண்ணிட்டேன். 'ஸ்கிரீன்ல பச்சையா கீதா?'ன்னாரு. ரெண்டும் பச்சைதான் சார்ன்னேன். 'அப்ப நம்ம பக்கம் ஒண்ணுமில்ல, ஆஸ்பத்திரிகாரன் பக்கம்தான் கோளாறு, கம்முனு உக்காருங்க'ன்னுட்டாரு. இப்ப போனே எடுக்கல. பழையசீவரத்துக்கு ஃப்ரெண்ட்ஸோட போயிருக்காராம், ஆத்துல குளிக்க."

ஹசீனா பரிமாறிய கரண்டியைக் கீழே வைத்தாள். நடந்தது என்ன என்று அவளுக்கு உடனே தெரிந்தது. புதுச் சுடிதாரோடேயே அத்தாவின் டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

கூடத்தில் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹசீனா தன்னிடமிருந்த சாவியால் அறையைத் திறந்து ஸ்விட்சுக்குள் போனாள். அவள் பயந்தபடிதான். காலையில் லைன் கொஞ்ச நேரம் அறுந்திருக்கிறது. முதல் ரவுட்டர் முறைப்படி விலகி, வாசலை இரண்டாவதிடம் ஒப்படைத்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் லைன் திரும்பி வந்துவிட்டது. முதல் ரவுட்டர் நல்லபடியாகத் தயாராக நின்றது. ஆனால் வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடு என்ற கட்டளையை வினோத் எழுதவே இல்லை. அந்தப் பொய் வாசல், பிடித்த இடத்தை விடாமல் உட்கார்ந்துகொண்டு, வந்ததையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தது. லைன் உயிரோடு இருக்க, ரவுட்டர் உயிரோடு இருக்க, இல்லாத ஒன்று அரைநாளாகக் கடையைச் சாத்திவைத்திருக்கிறது.

அவள் அந்த இன்டர்ஃபேஸை அணைத்தாள். கூடத்தில் "போவுது, போவுது" என்று சத்தம் எழுந்தது. வரிசையில் நின்றதெல்லாம் மடை திறந்த மாதிரி ஓடியது.

காலையிலிருந்து அடித்துக்கொண்டிருந்த போன்கள் மறுபடி அடிக்கத் தொடங்கின. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் கத்தியது. செங்கல்பட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு நர்ஸ் கீதாவிடம் பேசினாள். தொடை நொறுங்கிய லாரி டிரைவர் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் போட்டு, காலையிலிருந்து வராந்தாவில் வைத்திருக்கிறார்களாம். "வரும் வரும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாளாம். கீதா போனை வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினாள்.

அந்த டிரைவரின் காலை எடுக்க வேண்டியதாயிற்று என்று பின்னால் தெரிந்தது. தாமதத்தால்தானா, இல்லை முதலிலேயே அவ்வளவு மோசமா என்று யாரும் சொல்லவில்லை. கேட்கவும் யாருக்கும் வாய் வரவில்லை.

ஆனால் சென்னையில் கேள்வி கிளம்பிவிட்டது. இரண்டு நாள் கழித்து ஞானதாஸ் காரில் வந்து இறங்கினார். ராஜாராமின் அறையில் வாழைக்காய் பஜ்ஜியும் காபியும் வந்தன. ஹசீனாவையும் கூப்பிட்டார்கள். என்ன நடந்தது என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவள் நினைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள்.

"மேல ஒரு ரிப்போர்ட் போவணும்" என்றார் ஞானதாஸ். பஜ்ஜியைப் பிய்த்து எண்ணெயை விரலால் பிழிந்தார். "மெஷின் மேல கோளாறுன்னா கான்ட்ராக்ட்டே போயிடும். அதனால ஆள் மேலதான் போடணும். ஷிஃப்ட்ல யாரு இருந்தது?"

"கீதான்னு ஒரு பொண்ணு" என்றான் வினோத். ஆற்று வெயிலில் அவன் மூக்குத் தோல் உரிந்திருந்தது. உரித்துக்கொண்டே பேசினான்.

"அந்தப் பொண்ணு டயத்துக்குத் தகவல் சொல்லல. வேலையை வுட்டு எட்த்தாச்சு. முடிஞ்சுது" என்றார் ஞானதாஸ்.

"அவ அஞ்சாறு தடவை போன் பண்ணா சார்" என்றாள் ஹசீனா. "இவருக்குத்தான் பண்ணா. இவர் பச்சையா இருந்தா சரின்னு சொல்லிட்டார். அது பச்சையா இருந்ததே பொய். ரெண்டாவது ரவுட்டர் இங்க இல்லவே இல்ல. நீங்க பார்த்துட்டுப் போன மறுநாளே எடுத்துட்டாங்க."

 ஞானதாஸ் எழுந்துவிடுவார், கத்துவார், அலமாரியைத் திறக்கச் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் இன்னொரு பஜ்ஜியை எடுத்தார்.

"தெரியும்மா" என்றார். "வாடகைக்குக் குடுத்ததே என் மச்சான்தான். இந்தப் பக்கம் நாலு சென்டருக்கு அந்த ஒரு பெட்டிதான் சுத்திக்கினு கீது."

ராஜாராம் சிரித்தார். வினோத்தும் சிரித்தான். ஞானதாஸின் மீசையில் கடலைமாவுத் தூள் ஒட்டியிருந்தது. அதுவும் சேர்ந்து ஆடியது. ஹசீனாவுக்கு எலி கிடந்த நாளின் வாடை திடீரென்று தொண்டைக்குள் வந்தது. அன்று ஒரு தலைகூட நிமிரவில்லை என்று பூரித்துப் போனாளே, அந்தப் பூரிப்பை நினைத்ததும் உடம்பு கூசியது.

"ஒருத்தருக்குக் கால் போயிருக்கு சார்."

"போயிருக்கு. நம்ம வெட்டலையே. அந்தப் பொண்ணுக்குப் பதிலா உன் பேரை எயுதட்டுமா? நெட்வொர்க் உன் பொறுப்புதானே? லீவுல இருந்தே, அதனால தப்பிச்சே. போய் வேலையைப் பாரும்மா. அந்த இன்டர்ஃபேஸை மறுபடி ஒயுங்கா போட்டு வை. இந்தத் தபா திருப்பிக் குடுக்கற மாதிரி போடு."

கீதாவை அரைமணியில் அனுப்பிவிட்டார்கள். அவள் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கூடத்தின் நடுவே நடந்து போனாள்.

ஹசீனா நெட்வொர்க் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பண்டிகையன்று அவள் அணைத்துவைத்த இன்டர்ஃபேஸை வினோத் அன்று மாலையே உயிர்ப்பித்து, நடுவில் எரிந்த சிவப்புக்குக் கரண்ட் போய்விட்டது என்று சென்னைக்குச் சாக்குச் சொல்லியிருந்தான். திரையில் இரண்டு பச்சை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உட்கார்ந்து, இந்தத் தடவை அணைக்காமல், அந்த இன்டர்ஃபேஸை அடியோடு அழித்தாள். போய்விட்ட ரவுட்டரின் முகவரியை அழித்தாள். ஸ்விட்சின் பாஸ்வேர்டை மாற்றலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். அது திருட்டுத்தனம் என்று விட்டுவிட்டாள். இரண்டாவது பச்சை மெல்ல மங்கிச் சிவப்பானது. அந்தச் சிவப்பு இங்கே மட்டும் இல்லை. சென்னை ஆபீசில், ஞானதாஸுக்கு மேலே இருப்பவர்கள் பார்க்கிற சுவர்த் திரையிலும் எரியும்.

கூடத்துக்கு வந்தாள். எப்போதும் அவள் உரக்கப் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. ரம்ஜான் அன்னிக்கு நின்னது கீதாவால இல்ல. இங்க ரெண்டாவது ரவுட்டர்னு ஒண்ணு கிடையாது. இருக்கற மாதிரி காட்டிக்கினு இருந்தோம். எனக்கும் தெரியும், நானும் சொல்லாம இருந்தேன். கீதா காத்தாலேர்ந்து போன் பண்ணிக்கினேதான் இருந்தா."

கீபோர்டுச் சத்தம் நின்றது.  ஒரு பெண் "அப்ப எங்க வேலை போயிடுமா அக்கா?" என்று கேட்டாள். 

ராஜாராம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். சென்னையிலிருந்து அதற்குள் போன் வந்துவிட்டிருந்தது. "இன்னாடி பண்ணிட்டே? எத்தினி பொண்ணுங்க சோறு துன்றது இந்த எடத்தால, தெரியுமா?" என்று கூவினார். அந்த வார்த்தைதான் அவளை அதிகம் குமட்டவைத்தது. பொய்யை மூடிவைக்க அந்தப் பெண்களின் சோற்றை எடுத்துப் போர்த்துகிறாரே என்று இருந்தது. சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

அதன் பிறகு அவள் நினைத்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. கான்ட்ராக்ட் போகவில்லை. மேலே இருந்தவர்கள் ஒரு கெடு கொடுத்தார்கள். ராஜாராம் கடைசியில் நிஜமாகவே இரண்டாவது ரவுட்டரையும் இரண்டாவது லைனையும் வாங்கினார். ஞானதாஸை வேறு ஊர் சென்டர்களைப் பார்க்க மாற்றினார்கள். அங்கே அவர் மச்சானுக்கு இன்னும் வசதியாகப் போயிருக்கும் என்று ஹசீனா நினைத்துக்கொண்டாள்.

பெட்டி வந்துவிட்டதே தவிர, அதை அமைக்க வினோத்தால் முடியவில்லை. ஒரு நாள் மாலை ராஜாராம் செருப்புக் கடைக்கே வந்தார். ஹசீனா கல்லாவில் இருந்தாள். அவர் அவளைப் பார்க்காதவர் மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டினார். ஜெகபர் சாதிக் வழக்கம்போல் குந்தி உட்கார்ந்து அந்தப் பாதத்தைப் பிடித்து, தோல் செருப்பு ஒன்றை மாட்டிவிட்டார். வெடிப்பில் சேறு காய்ந்த கால். அத்தாவின் கை அதில் படுவதைப் பார்க்க ஹசீனாவுக்குப் பொறுக்கவில்லை.

"பாய், உம் பொண்ணு கோவக்காரி" என்றார் ராஜாராம், செருப்பைப் பார்த்துக்கொண்டே. "நான் மனசுல வச்சிக்கல. நாளைக்கு வரச் சொல்லு. ஒரு நாள் வேலைதான். முடிச்சுக் குட்த்துட்டு அப்படியே கண்ட்டினியூ பண்ணட்டும்."

"நான் வர்றேன் சார்" என்றாள் ஹசீனா. "கூடத்துல எல்லார் முன்னாலயும், கீதா மேல தப்பில்லன்னு நீங்க சொல்லணும். அவளை ஷிஃப்ட் லீடராவே திரும்பக் கூப்பிடணும். சொன்ன அன்னிக்கே செஞ்சு குடுக்கறேன்."

ராஜாராம் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பொண்ணு முன்னால என்னைக் கைகட்டி நிக்கச் சொல்றியா? ஒரு பெட்டிக்காக? சென்னையில ஆளா இல்ல?" மறு காலை நீட்டினார். "பாய், இதுக்கு ஜோடி குடு."

ஜெகபர் சாதிக் கையில் ஜோடிச் செருப்பு இருந்தது. அதை அட்டைப் பெட்டிக்குள் வைத்தார். மாட்டிய செருப்பையும் அவர் காலிலிருந்து மெதுவாகக் கழற்றினார்.

"உங்க சைஸ் இல்லீங்க" என்றார்.

"இதோ கையில வச்சிக்கினு கீறியே!"

"இல்லீங்க. உங்களுக்கு இங்க இல்ல." எழுந்து கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

ராஜாராம் எழுந்து போனார். அத்தா டீ வாங்கி வரச் சொன்னார். இரண்டு பேரும் குடித்தார்கள்.

சென்னையிலிருந்து ஆள் வந்து ரவுட்டரை அமைத்தான். சென்டர் நன்றாகவே ஓடியது. இரண்டு நிஜப் பச்சை. ஹசீனாவுக்கு அதுதான் ஜீரணிக்க முடியாமல் இருந்தது. பொய் சொன்னவர்களில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இடம் முன்னைவிடப் பளபளப்பாகிவிட்டது. ராஜாராம் வாசலில் புதுப் பலகை வைத்தார்.

அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். மார்கழியில் ஒரு காலை காஞ்சிபுரம் பஸ்ஸில் கீதாவைப் பார்த்தாள். ஜன்னல் ஓரத்தில், தலையில் ஸ்வெட்டர் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் பில் போடுகிறாளாம். ஹசீனாவைப் பார்த்ததும் முகம் இறுகியது. ஆனாலும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

ஹசீனா உட்கார்ந்து டிக்கெட் எடுத்தாள்.

"அக்கா, நீ அன்னிக்கு அதைச் செவப்பாக்கினதுல எனக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டாள் கீதா. குரலில் கோபம் இருந்தது.

"ஒண்ணும் ஆவல."

"எங்க ஊர்ல இன்னிக்கும், டிரைவர் காலை எடுத்த பொண்ணுன்னுதான் சொல்றாங்க. எங்க நைனா டீக்கடைக்குப் போறதையே வுட்டுட்டாரு. நீ முன்னாடியே அதைச் செஞ்சிருந்தா?"

"செஞ்சிருக்கணும்" என்றாள் ஹசீனா. "பயந்துகினு இருந்துட்டேன்."

கீதா வெளியே பார்த்தாள். பனியில் வயல்கள் தெரியவில்லை.

"கூடத்துல எல்லார்கிட்டயும் சொன்னியாமே. சிட்டம்மா வந்து சொன்னா."

"சொன்னேன்."

"எப்டிச் சொன்னே? சொன்ன மாதிரியே சொல்லு."

ஹசீனா ஞாபகப்படுத்திக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். எனக்கும் தெரியும், நானும் சொல்லாம இருந்தேன் என்பதையும் விடவில்லை. கீதா கேட்டுக்கொண்டே இருந்தாள். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"எங்க ஊருக்கு ஒரு நாள் வர்றியா?" என்றாள் கீதா. "எங்க நைனாகிட்ட இதை அப்படியே சொல்லு. டீக்கடையில வச்சுச் சொல்லு, நாலு பேர் இருக்கும்போது."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றாள் ஹசீனா.